ஒளிநார்ப் பாதையில் அலைநீள மாற்றிகள்: ஓர் ஆய்வுரையின் மதிப்பீடு

ஒளிநார் ஒன்றிற் பல நிற ஒளிகள் ஒருங்கே செல்லும். ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியைச் சுமக்கும். ஆயின், புறப்பட்ட அலைநீளத்திலேயே இறுதிவரை செல்லல் வேண்டும் என்னுங் கட்டுப்பாட்டால், நாரில் இடமிருந்தும் செய்திக்கு வழி கிடையாதொழிதல் உண்டு. இக்குறையை நீக்குவது அலைநீள மாற்றி. விலை மிக்க இக்கருவியை எல்லாச் சந்திகளிலும் வைத்தல் அரிது. எங்கே வைப்பது என்பதே வினா. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்ற சுரேஷ் சுப்பிரமணியம், அசிசோலு, சோமானி என்னும் இருவருடன் கூடி 1999இல் வெளியிட்ட ஆய்வுரை இதனை ஆராய்கின்றது.

கோட்டையிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் புகைவண்டியை எண்ணுக. இடையே பொல்காவலை, குருநாகல், மாகோ, அநுராதபுரம், வவுனியா என ஐந்து நிலையங்களே உளவெனக் கொள்வோம். பெட்டியில் நான்கு ஆசனங்கள். ஒவ்வோர் ஆசனமும் ஒவ்வொரு பகுதியிலும், பிறவற்றைச் சாராது, நூற்றுக்கு 30 என்னும் நிகழ்தகவோடு நிரம்பியிருக்கும். ஆசனம் மாறாது செல்லவேண்டிய பயணி நூற்றுக்கு 61 தடவை இடமின்றித் திரும்புவான். பொல்காவலையில் ஒருமுறை மாறலாமெனின் அது 48 ஆகும். மாகோவில் மாறலாமெனின் 34. (கணக்கு எம்முடையது, இத்துறையார் வழக்கமாகக் கொள்ளும் எளிய மாதிரியைத் தழுவியது.) மாற்றும் வாய்ப்பு ஒன்றே, இடந்தான் வேறு. சுமை எங்கும் சமமாயின் மாற்றிகளைச் சம இடைவெளியில் வைத்தலே சிறந்தது என ஆசிரியர்கள் நிறுவியிருப்பதன் பயன் இதனால் விளங்கும். சுமை சமமல்லாவிடத்து, படிப்படியாகத் தீர்வு காணும் கணித முறையொன்றையும் தந்துள்ளனர்.

நிறுவலிற் பழுதில்லை, எடுகோளே எம்மைத் தயங்கச் செய்கின்றது. ஒரு பகுதியின் சுமை அடுத்த பகுதியின் சுமையைச் சாராதது என்பது அவ்வெடுகோள். கோட்டையில் ஏறியோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலேயே இறங்குவராயின், நிரம்பிய ஆசனம் வழிமுழுதும் நிரம்பியே இருக்கும். வெறுமையானது வெறுமையாகவே கிடக்கும். மாகோவில் ஆசனம் மாறுதலால் ஆவதென்ன? வளைய வலையமைப்புகளில் மாற்றிகளாற் பெரும்பயன் இல்லை என இவ்வாசிரியர்களே 1996இல் எழுதியதற்கும் இத்தொடர்பே காரணம். 1999ஆம் ஆண்டு உரையும் இதனை மறக்கவில்லை. ஆனால் இறுதியிலேதான் பேசுகின்றது. முகப்பில் நிற்கவேண்டிய எச்சரிக்கை புறக்கடையில் நிற்கின்றது!

ஸீ-மீ-வீ 3 கடல்வடம் முன்னர் கரையேறிய கல்கிசையிலிருந்து நாடா பிடித்தளந்து, வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று என மாற்றிகளை நாட்டுவோன் தேற்றத்தைப் பின்பற்றியவன் ஆகான். பாதைகள் கூடிப் பிரியும் சந்தியையே அவன் முதலில் தேடல் வேண்டும். மேலும், தேய்ந்த ஒளியை மின்னாக்கிப் புதுப்பிக்கும் நிலையத்தில், வேறோர் அலைநீளத்தில் அதனை மீள அனுப்புதற்குப் புதிய கருவி பெரிதும் வேண்டுவதில்லை. இத்தனை மாற்றிகள் உள என முன்னரே வரையறுத்துக்கொண்டு தொடங்கும் இவ்வுரையில், இடத்துக்கிடம் வேறுபடும் இச்செலவுக்கு இடமில்லை.