கல்லில் நின்ற பெயர்கள்: கிராஞ்சிப் போர்க் கல்லறை குறித்து ஒரு திறனாய்வு

போரில் மாண்டவனுக்குக் கல் நாட்டும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நாட்டிய கல்லை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் காட்டுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, இறந்தவனின் பெயரையும், ஊரையும், அவன் மாண்ட ஆநிரைப் பூசலையும் ஒரு சில சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறது. யார், எவ்வூர், எதனால் என்னும் மூன்று வினாக்களுக்கும் அக்கல் விடை பகர்கிறது. நினைவுச் சின்னம் எதனையும் மதிப்பிட இம்மூன்று வினாக்களே போதுமான அளவுகோல் எனலாம். அவ்வளவுகோலைக் கொண்டு, சிங்கப்பூரின் வடபகுதியில் அமைந்துள்ள கிராஞ்சிப் போர்க் கல்லறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராஞ்சியில் போர்க்கைதிகளின் முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்த மருத்துவமனையில் இறந்தோரைப் புதைத்த சிறிய இடமே பின்னர்ப் பெரும் கல்லறையாக வளர்ந்தது. 1946ஆம் ஆண்டு முதல் சாங்கி முதலிய இடங்களில் புதைக்கப்பட்டிருந்தோரின் எச்சங்களும் இங்குக் கொண்டுவரப்பட்டன. இன்று இரண்டாம் உலகப் போரில் மாண்ட 4,461 பேர் இங்கு நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் 850க்கும் மேற்பட்டோர் இன்னார் என்று அறியப்படாதவர்கள். குன்றின் சரிவில் வரிசை வரிசையாகக் கற்கள் நிற்க, உச்சியில் சிங்கப்பூர் நினைவுச் சின்னம் எழுந்து நிற்கிறது. உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த இச்சின்னம் 1957ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஆளுநர் சர் ராபர்ட் பிளாக்கால் திறந்து வைக்கப்பட்டது.

இவ்வமைப்பின் உயிர்நாடி ஒரு கொள்கையாகும். 1917ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், மாண்டோர் ஒவ்வொருவரும் பெயரால் நினைக்கப்பட வேண்டும் என்றும், பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்றும் வகுத்துக்கொண்டது. தளபதிக்கும் சமையற்காரனுக்கும் ஒரே அளவுக் கல். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பளிங்கு மாடமும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மண்மேடும் என்ற நிலை இங்கு இல்லை. கல்லில் பதவி எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் பதவியால் கல் உயர்வதில்லை. சாதிக்கொரு சுடுகாடு வைத்துப் பழகிய நமக்கு இந்தச் சமன்மை எளிதில் கடந்து செல்லக்கூடிய செய்தியன்று. கிராஞ்சியின் அழகு புல்வெளியில் இல்லை. இந்தச் சமன்மையில்தான் இருக்கிறது.

எனினும், கொள்கையைப் போற்றும் நாம், அது கல்லாக வடிவெடுத்த முறையையும் நோக்க வேண்டும். நினைவுச் சின்னத்தின் தூண்கள் அணிவகுத்துச் செல்லும் தரைப்படையையும், அகன்ற கூரை வானூர்தியின் இறக்கையையும், 24 மீட்டர் உயரத்திற்கு எழும் நடுக்கோபுரம் நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதியையும் குறிப்பதாகக் கூறுவர். முப்படைகளின் ஆற்றலைப் பறைசாற்றும் வடிவம் இது. ஆனால், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது என்பதை நாம் மறத்தல் இயலாது. இச்சுவர்களில் பெயர் பெற்றோருள் பலர் களத்தில் வீழ்ந்தவர் அல்லர். சிறை முகாம்களில் பட்டினியாலும் வயிற்றுப்போக்காலும் வாந்திபேதியாலும் தேய்ந்து இறந்தவர்கள். கோபுரம் வெற்றியைப் பேசுகிறது. பெயர்களோ துன்பத்தைப் பேசுகின்றன. ‘எதனால்’ என்னும் மூன்றாம் வினாவிற்கு இச்சின்னம் நேர்விடை தருவதில்லை என்பது இதன் முதற்குறை.

இரண்டாவது, இடம் பற்றியது. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்கு இங்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் பிரிவுபடாத இந்தியாவின் படையினர். இறந்தவரின் சமய முறையை மதித்துப் பெயரையும் காத்த செயல் பாராட்டத்தக்கதே. ஆயினும் அது பெருஞ்சின்னத்திற்குப் பின்புறம் அமைந்திருக்கிறது. குன்றேறி வருவோர் கண்ணில் கோபுரம் தானாகவே படுகிறது. எரியூட்டப்பட்டோரின் சின்னத்தைத் தேடித்தான் காண வேண்டும். இதே வளாகத்தில் மற்றொரு சின்னமும் உண்டு. நகரம் வீழ்ந்த இறுதி நாள்களில் மருத்துவமனை ஒன்றில் மாண்ட 400க்கும் மேற்பட்ட பொதுமக்களும் படையினரும் அம்மருத்துவமனை நிலத்திலேயே ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். அவர்களுள் படையினர் 107 பேரின் பெயர்களை மட்டும் கிராஞ்சிச் சின்னம் தாங்கி நிற்கிறது. ஒரே குழியில் இறங்கியவர்களைப் பதிவேடு இரண்டாகப் பிரித்துவிட்டது! படைப்பட்டியலில் இருந்தவன் கல்லில் ஏறினான். இல்லாதவன் மண்ணோடு நின்றான்.

இந்தப் பிரிவினை நம் குடும்பங்களைத் தொடும் இடம் சயாம் மரண இரயில் பாதையாகும். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதையில், நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரியிலும் சுங்கையிலும் தன்பியூசயாட்டிலும் அவர்களுக்குக் கல்லறைகள் உள்ளன. காஞ்சனபுரிக் கல்லறையை வடிவமைத்தவரும் ஓக்ஸ்தான். அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர்களுள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டப்புறத்துத் தமிழர். ஆசைகாட்டி அழைக்கப்பட்டவர் சிலர். வலுவில் பிடித்துச் செல்லப்பட்டவர் பலர். கைதியின் மரணத்தைக் குறித்து வைக்க அவனுடைய அதிகாரி இருந்தார். பால்மரம் சீவியவனின் மரணத்தைக் குறித்து வைக்க யார் இருந்தார்?

‘படைவீரர் கல்லறையில் தொழிலாளிக்கு இடம் கேட்பது முறையோ?’ என ஒருவர் வினவலாம். முறையான வினாவே. கிராஞ்சியின் சுவரில் தோட்டத் தொழிலாளியின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது நம் வாதம் அன்று. அச்சுவர் எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டவில்லை என்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் வாதம். எல்லோரும் சமம் என்னும் கொள்கை, பட்டியலுக்குள் வந்தவர்களிடையே மட்டுமே இயங்கியது. பட்டியலைத் தீர்மானித்தது ஆட்சியதிகாரம். படைக்குள்ளேயும் கூட அக்கொள்கை எங்கும் கடைப்பிடிக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரும் தொழிற்படையினருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடுபட்டனர் என்பதை 2021ஆம் ஆண்டில் வெளியான ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னமோ, பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தைக் குறிக்கும் அடையாளம் 1995ஆம் ஆண்டில்தான் வைக்கப்பட்டது. நினைவைக் கட்டும் அதிகாரத்திற்கு நினைவை இடிக்கும் ஆற்றலும் உண்டு.

நம்மவர் வாளாவிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் மலேசியத் தமிழ் இலக்கியத்தில் அந்தக் கொடுமைக்கு வடிவம் தந்தன. இரண்டாம் நூலின் தலைப்பே ஒரு விமர்சனம்: கல்லால் எழாத சின்னத்தை எழுத்தாளர் சொல்லால் எழுப்பினார். 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியிலுள்ள பௌத்த ஆலய வளாகம் ஒன்றில், அங்கு மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த கல் அது. ‘எவ்வூர்’, ‘எதனால்’ என்னும் வினாக்களுக்கு அது விடை கூறுகிறது. ‘யார்’ என்பதற்கு மட்டும் விடையில்லை.

அவ்விடை இனிக் கல்தச்சரிடம் இல்லை. அது நம் வீடுகளில் இருக்கிறது. சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் பெயர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர், கூடப் போனவர்களின் பெயர்கள் ஆகியவை மூத்தோர் நாவில் இன்னும் எஞ்சியிருக்கக் கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின், அந்த நினைவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. எழுத்தாளர் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஆலயக் குழுக்களும் முயன்றால், தோட்டந்தோறும் ஒரு பெயர்ப்பட்டியலைத் திரட்டிவிட முடியும். கிராஞ்சியைக் கட்டியவர்கள் அழகிய கோபுரத்தை எழுப்புவதற்கு முன் செய்த வேலை அதுதான்: பெயர்களைத் திரட்டினார்கள். கிராஞ்சியிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் கட்டடக் கலை அன்று, அந்தக் கணக்குப்பிள்ளை வேலையே ஆகும்.