டிஏசி மாற்றினால் பாட்டு மாறுமா?

பழைய லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் தனியாக ஒரு டிஏசி வாங்கத்தான் வேண்டும். கோப்பில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றித் தரும் கருவி அது. எவ்வளவு செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

நேமத்தான்பட்டி வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், மூன்றை வைத்துக் கேட்டேன். ஆப்பிளின் 9 டாலர் யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர், டாப்பிங் இ30, ஐஃபை ஜென் டிஏசி. அந்தச் சின்ன அடாப்டரும் முழுமையான டிஏசிதான். மற்ற இரண்டும் அறிமுகமானபோது 130 டாலர் அளவில் விற்றவை.

ஒப்பிடும்போது முதலில் ஒலியளவைச் சமன் செய்துவிட வேண்டும். அடாப்டர் அதிகபட்சம் 1 வோல்ட்தான் தரும். இ30, ஜென் இரண்டும் 2 வோல்ட் அளவில் தரும். அதனால் மட்டுமே 6 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். சத்தமாகக் கேட்பது நன்றாக இருப்பதாகவே காதுக்குப் படும். 400 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். சித்தப்பா மகன் வயரை மாற்ற, எது ஓடுகிறது என்று தெரியாமல் முதுகு காட்டி உட்கார்ந்து கேட்டேன்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் இழைகிற இடங்களில் இ30, ஜென் இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை. அடாப்டரும் அநேகமாக அப்படியே. கூடவே வைத்துப் பார்த்த லேப்டாப் துளை மட்டும் உடனே மாட்டிக்கொண்டது. மௌனமான இடங்களில் இரைச்சல், மவுஸை நகர்த்தினால் கிர்ரென்று ஒரு சத்தம். அடுத்து ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்த ஏ.வி.மெய்யப்பன், பக்கத்துக் காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்து 1947இல் வெளியிட்ட படம். அந்தக் காலப் பதிவின் சரசரப்பு எந்த டிஏசியின் இரைச்சலையும்விடப் பல மடங்கு பெரிது. பழைய பாட்டு மட்டுமே கேட்பவர்கள் அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உண்மையான எதிரி பட்டாலைதான். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை, உயர்ந்த கூரை. கையைத் தட்டினால் சத்தம் அடங்க நேரமாகிறது. மிருதங்கத்தின் ஒரு சொல் அடுத்த சொல்லின்மேல் ஏறிவிடுகிறது. ஸ்பீக்கர்களை மேல்வீட்டுச் சிறிய அறைக்கு எடுத்துப் போய், தரையில் பவானி ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் கனத்த மெத்தையைச் சாய்த்து வைத்து, ஸ்பீக்கருக்கு நெருங்கி உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லும் தனித்து விழுந்தது. எந்த விலையிலும் டிஏசி தர முடியாத மாற்றம் இது. செட்டிநாட்டு வீட்டில் கருவிக்கு முன்னால் அறைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது உறுமல். பழைய வயரிங் உள்ள வீடுகளில் லேப்டாப் சார்ஜருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகி, ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’ என்று கேட்கும். எங்கள் வீட்டிலும் கேட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிட்டது என்றால் காரணம் அதுதான். இங்கேதான் இ30 முந்துகிறது. அதில் ஆப்டிகல் உள்ளீடு உண்டு. கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. டிவியிலிருந்து ஆப்டிகலில் கொடுத்ததும் உறுமல் அடங்கிவிட்டது. ஜென்னில் யுஎஸ்பி உள்ளீடு மட்டுமே. ஆனால் அதில் நல்ல ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்திருக்கிறது. இரவில் ஹெட்போனில் கேட்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஜென்னில் உள்ள எம்க்யூஏ என்ற ஒலிக்கோப்பு முறைக்கான வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்த முறையை உருவாக்கிய நிறுவனமே 2023இல் நொடித்துக் கைமாறியது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லாத பாட்டுகளைத் தருகிறது. சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் காதுக்குப் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை அந்த 9 டாலர் அடாப்டரே கையாளும்.

பழைய இ30 கடைகளில் கிடைப்பது அரிது. அதற்குச் சிப் கொடுத்த ஏகேஎம் நிறுவனத்தின் ஜப்பான் நோபியோக்கா ஆலை 2020 அக்டோபரில் தீப்பிடித்து எரிந்தது. பின்னால் வந்த இ30 2 வாங்கலாம். இ30-க்கு 5 வோல்ட் மின்சாரம் போதும்; சாதாரண போன் சார்ஜரில் ஓடும். டிவியில் இணைக்கும்போது ஒலி அமைப்பை பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பியில் இருந்தால் பாட்டு வராது.