கணினி மாதிரியில் தொழிலாளிக்கு இடமுண்டா?

புதுமை என்பது தனியொருவர் மூளையில் மட்டும் பிறப்பதன்று. பலர் கூடிப் பகிரும் அறிவினின்றும் விளைவது. இக்கொள்கையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரியொன்றைக் கில்பர்ட், பிக்கா, ஆர்வைலர் ஆகிய மூவர் 2001இல் வெளியிட்டனர். அதில் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அறிவுத் தொகுதியைத் தாங்கி நிற்கும். தன்னிடம் இல்லாததைக் கூட்டாளியிடம் பெறும். பழகப் பழகத் திறன் வளரும். பயன்படாதது தேய்ந்து மறக்கப்படும்.

இம்மாதிரியின் நிறை, கோலசிலாங்கூரில் வைத்து நோக்கினால் விளங்கும். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஃபோகோனியே. சுமத்திராவில் முன்பே அதனைப் பயிரிட்ட ஹாலேயோடு அவர் கொண்டிருந்த தொடர்பு அதற்கு வழி கோலிற்று. வலைப்பின்னலின் ஆற்றல் இதுவேயாம்.

குறையும் செம்பனையிலேயே புலப்படும். பெண் பூங்குலையில் மகரந்தத்தைக் கையால் தூவுதல் தோட்டத் தொழிலாளர் பணியாயிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து கொணர்ந்த வண்டினம் அதனைத் தானே செய்தது. காய்ப்புப் பெருகிற்று, கைத்தூவல் மறைந்தது. மாதிரியில் இது மறக்கப்பட்ட ஒரு திறன்; எண்ணொன்று சுழியாவதோடு கணக்கு முடிந்துவிடும். தோட்டத்திலோ அது ஒருவர் கூலி. நிறுவனத்தையே பாத்திரமாகக் கொண்ட மாதிரியில், அத்திறனுக்கு உரியவர் அடுத்து எங்குச் சென்றார் என்னும் வினாவே எழாது.

மாதிரி பொய் என்பதன்று. எல்லையிற் குறுகியது என்பதே. வட்டார வளர்ச்சியை அளக்கப் புகுவோர் தொழிலாளியையும் ஒரு பாத்திரமாகச் சேர்த்தல் வேண்டும். அதன் பின்னரே ஆதாயம் எவர்க்கு, இழப்பு எவர்க்கு என்பது தெரியவரும்.