‘ஒண்டு’ம் ‘ஒண்ணு’ம்: சபரகமுவத் தோட்டப் பேச்சை வகைப்படுத்தும் முறை பற்றி ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் என மொழியியலாளர் எழுதும்போது அவர்கள் பெரும்பாலும் கருதுவது யாழ்ப்பாணத் தமிழையே. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட ‘நானாடக’த்தில் அப்பேச்சு வழக்கு இலக்கிய மதிப்புப் பெற்றது. பேராசிரியர் சு. சுசீந்திரராசா முதலியோரின் ஆராய்ச்சிகளால் அதன் ஒலியமைப்பும் உருபமைப்பும் விளக்கம் பெற்றன. கமில் சுவெலபில் 1966 இல் இலங்கைத் தமிழின் இயல்புகள் சிலவற்றைத் தொகுத்துரைத்தார். இவ்வாய்வுகளின் பெறுமதியை எவரும் மறுத்தல் இயலாது. ஆயின், இவற்றின் நிழலிலே வளர்ந்துவிட்ட ஒரு வகைப்பாடு மறுபரிசீலனைக்கு உரியது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய வழக்குகள் ஒருபுறம். எஞ்சிய தோட்டப் பேச்சு ‘இந்தியத் தமிழ்’ என்னும் பெயரோடு மறுபுறம். இவ்வாறு பிரித்ததோடு வேலை முடிந்தது எனக் கருதுவோர் பலர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வழங்கும் பேச்சை முன்வைத்து அவ்வகைப்பாடு எந்த அளவுக்கு நிற்கும் என்பதை இக்கட்டுரை நோக்குகின்றது.

எதிர்மறையாகப் பெயரிடும் வழக்கம் மொழியியலுக்குப் புதியதன்று. நியூகினித் தீவிலும் அதன் அயலிலும் ஏறத்தாழ 800 மொழிகள் ‘பப்புவா மொழிகள்’ எனப்படுகின்றன. அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அப்பெயர் கூறவில்லை. அவ்வட்டாரத்தில் அவுஸ்திரோனேசிய மொழிகள் அல்லாதவை என்பதே அதன் பொருள். 1971 இல் கிறீன்பேர்க் அவற்றையும் அந்தமான், தாஸ்மேனிய மொழிகளையும் ‘இந்தோ-பசிபிக்’ என ஒரே குடும்பமாக்க முயன்றார். சொற்களின் தோற்ற ஒற்றுமையை நம்பிய அம்முயற்சி அறிஞரால் ஏற்கப்படவில்லை. அங்கு உறுதியான பயன் தந்தது வேறொரு வழி. நான்கைந்து மொழிகள் கொண்ட சிறு குடும்பமொன்றை எடுத்து, ஒலிக்கு ஒலி ஒப்பிட்டு, அவற்றின் மூலமொழியை மீட்டுருவாக்கிய பின்னரே அடுத்த படிக்கு ஏறுதல் என்பது அவ்வழி. எழுத்துச் சான்று எதுவும் இல்லாத மொழிகள் அவை. பேசுவோர் வாயிலிருந்து பெறுவது தவிர வேறு ஆதாரம் ஆய்வாளனுக்கு இல்லை. நம் தோட்டப் பேச்சையும் அத்தகைய சிறு குடும்பமொன்றின் உறுப்பாக வைத்து ஆராய்ந்தால் என்ன? தொல்காப்பியத்தையும் சாசனங்களையும் சற்று நேரம் மூடிவைத்து, காதில் விழுவதை மட்டும் கொண்டு முயன்று பார்ப்போம்.

கன்று என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவர் பசுவின் குட்டியைக் ‘கண்டு’ என்பர். மாங்கன்று அவர்களுக்கு ‘மாங்கண்டு’. சபரகமுவத் தோட்டத்தில் அது ‘கண்ணு’. நாற்றுமேடையில் நிற்பது ‘தேயிலைக் கண்ணு’. யாழ்ப்பாணத்து வாயில் இச்சொல், ‘பார்த்து’ எனப் பொருள்படும் ‘கண்டு’ என்பதோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. ஆனால் முகத்திலுள்ள ‘கண்’ அதனின்றும் வேறாகவே நிற்கின்றது. தோட்டத்து வாயிலோ இது ‘கண்ணு’ எனப்படும் விழியோடு ஒன்றாகிவிட்டது. ‘கண்டுபிடிச்சான்’ என்பதிலுள்ள ‘கண்டு’ வேறாகவே நிற்கின்றது. ஒன்று பிரித்துக் காட்டுவதை மற்றது கலந்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான், மூலவழக்கில் இம்மூன்று சொற்களும் மூன்று வேறு ஒலிகளைக் கொண்டிருந்தன என்பது புலனாகும். ஒன்று, மூன்று ஆகிய எண்ணுப்பெயர்களும் இதற்கு இயைந்தே நிற்கின்றன: யாழ்ப்பாணத்தில் ஒண்டு, மூண்டு, தோட்டத்தில் ஒண்ணு, மூணு. மலையாளத்தின் ‘ஒன்னு’, கன்னடத்தின் ‘ஒந்து’ ஆகியவற்றையும் சேர்த்தால், இவையனைத்தையும் பிறப்பிக்கத்தக்க ஒலி, மெல்லினத்தை அடுத்து நுனிநா அண்பல்லைத் தொட்டுப் பிறக்கும் வல்லினம் ஒன்றே என்ற முடிவுக்கு வருவோம். மூடிவைத்த நூல்களை இப்போது திறந்தால் அங்கே ‘ன்ற’ என அதே ஒலி எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வெடுத்துக்காட்டிலே நாம் கவனிக்க வேண்டியது, தோட்டப் பேச்சின் சாட்சியம் யாழ்ப்பாணப் பேச்சின் சாட்சியத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதாகும். ‘பழமை பேணுவது’, ‘தூய்மையானது’ என ஒரு வழக்கை உயர்த்தி, மற்றதைக் கொச்சை எனத் தள்ளும் மனப்பாங்கு மேடைப்பேச்சுக்கு உதவலாம், மீட்டுருவாக்கத்துக்கு உதவாது. யாழ்ப்பாண வழக்குப் பல பழமைகளைப் பேணுகின்றது என்பது உண்மையே. ‘உவன், உது’ என்னும் இடைச்சுட்டு அங்கு உயிரோடு உள்ளது. வீசுகின்ற காற்றும், காவல்செய்து எனப் பொருள்படும் ‘காத்து’ம் அங்கு ஒலியால் வேறுபடுகின்றன, தோட்டத்தில் இரண்டும் ‘காத்து’தான். இலை, இடம், உடம்பு என்பன அங்கு அவ்வாறே ஒலிக்க, தோட்டத்தில் எல, எடம், ஒடம்பு என்றாகின்றன. ஆயினும் பழமையைப் பேணுதல் உறவுக்குச் சான்றாகாது. பாட்டன் விட்டுச்சென்ற நகையை இரு பேரர் வைத்திருந்தால், அவர்கள் பாட்டனுக்கு உறவினர் என்பது தெரியும். தமக்குள் எவ்வளவு நெருங்கியவர் என்பது தெரியாது. உட்குழுவை நிறுவுவது, பொதுவாகப் பெற்ற புதுமாற்றமே. யேர்மானிய அறிஞர் லெஸ்கீன் 1876 இல் எடுத்துக்காட்டிய இவ்விதி, நம்மவர் எழுதிய வகைப்பாடுகளில் அடிக்கடி மறக்கப்படுகின்றது.

புதுமாற்றங்களும் ஒரே தரத்தன அல்ல. பழந்தெலுங்கில் மூன்று ‘மூண்டு’ என்றே வழங்கியது. இன்று அது ‘மூடு’. யாழ்ப்பாணத்து ‘மூண்டு’ அதனோடு ஒத்திருப்பது கண்டு, யாழ்ப்பாணத் தமிழுக்குத் தெலுங்கோடு தனியுறவு கற்பிப்பார் உளரோ? இல்லை, அண்பல் வல்லினம் நாமடி வல்லினமாவது எங்கும் தனித்தனியே நிகழக்கூடியது. அவ்வாறே தோட்டத்து ‘எல’ கன்னடத்து ‘எலெ’யோடு ஒத்திருப்பதும் உறவுக் குறியன்று. இ, உ என்பன அடுத்த அசையின் அகரத்தை நோக்கி எ, ஒ எனத் தாழ்வது பேச்சுத் தமிழிற் பிற்காலத்தே நிகழ்ந்த மாற்றம். தென்திராவிட மொழிகளில் இ-எ, உ-ஒ மாறாட்டம் பற்றிப் பேராசிரியர் ப. கிருஷ்ணமூர்த்தி 1958 இல் எழுதிய கட்டுரையைப் பயின்றோர், இத்தகைய ஒற்றுமையைத் தனியே வைத்து முடிவு கட்டத் துணியார்.

இதனிலும் எடைமிகுந்த சான்று வினைமுற்றில் உள்ளது. ஆயிற்று, போயிற்று என்பன ஆச்சு, போச்சு எனத் திரிந்தமை ஒலிமாற்றம். யாழ்ப்பாணத்தாரும் ‘போச்சு’ என்பர். ஆனால் அந்தச் ‘சு’வை அஃறிணை இறந்தகால விகுதியென வழக்கு மயங்கிக்கொண்டு, வந்தது, நின்றது என்பவற்றிலும் ஏற்றி ‘வந்துச்சு, நின்னுச்சு’ என ஆக்கியது ஒலியின் இயல்பால் நேர்ந்ததன்று, ஒப்புமையாக்கத்தால் நேர்ந்தது. இத்தகைய திருப்பம் இரண்டு இடங்களில் தற்செயலாகத் தோன்றுதல் அரிது. தமிழகத்தின் பல வட்டாரங்களில் வழங்கும் இவ்வடிவமே சபரகமுவத் தோட்டங்களிலும் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் அது இல்லை. ‘ண்ணு’, ‘எ/ஒ’, பல்லொலியான ‘காத்து’, ளகர ஈறு கெட்ட ‘நாங்க, அவங்க’ ஆகியவை தனித்தனியே வலுக்குறைந்தவையாயினும், இதனோடு சேர்ந்து ஒரு கட்டாக நிற்கும்போது ஐயத்துக்கு இடமில்லை. தோட்டப் பேச்சின் தாய்வழி தமிழகப் பேச்சே.

இதுவரை பழைய வகைப்பாட்டுக்கு நாம் உடன்பட்டோம். கருத்து வேறுபாடு இனித்தான் தொடங்குகின்றது.

தமிழகத்தின் எந்தப் பேச்சு? கோப்பிக் காலம் தொட்டுத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் ஆள்கட்டிக்கொண்டு வந்தனர். ஒவ்வொரு கங்காணியும் தன் ஊர், தன் உறவு, தன் சாதி என்ற வட்டத்துக்குள்ளேயே ஆள்சேர்த்தமையால் ஒரு தோட்டத்தின் லயங்களில் பல ஊர்ப் பேச்சுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் அவற்றிடையே இருந்தன. இவ்வூர்ப் பேச்சுகள் ஒன்றோடொன்று உராய்ந்து, தனித்த கூறுகள் தேய்ந்து, பொதுவானவை நிலைபெற்று உருவானதே இன்றைய தோட்டப் பேச்சு. நியூகினியிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் குவீன்ஸ்லாந்து, சமோவாத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையால் ஆங்கிலச் சொற்களைக் கொண்டதொரு கலப்புமொழியை ஆக்கிக்கொண்டனர். இன்று டொக் பிசின் எனப்படுவது அதன் வழிவந்ததே. இங்கு பெரும்பாலோர்க்கு மொழி ஒன்றாயிருந்தமையால் கலப்புமொழி தோன்றவில்லை, பொதுப்பேச்சொன்று தோன்றிற்று. அத்தகைய பேச்சுக்குத் தாய் ஒருத்தியல்லள். கிளைவிட்டுப் பிரியும் மரப்படத்தில் அதற்கு இடங்காட்டுதல் கடினம். எந்த மாவட்டத்திலும் இதே வடிவில் இல்லாத இப்பேச்சு உருவான இடம் இலங்கை. ‘இந்தியத் தமிழ்’ என்னும் பெயர் இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது.

இங்கு உருவானது என்பதற்குச் சொற்களும் சான்று தரும். எனினும் அவற்றைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். வேலைக்கு ஆள்பிரிக்கும் கூட்டம் ‘பிரட்டு’. ஒருநாட் கூலிக்குரிய பதிவு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. உடன்படிக்கை வேலை ‘கொந்தரப்பு’. இறப்பர்த் தோட்டங்களில் மரத்தைக் கீறுவது ‘பால் வெட்டு’. சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து கிடப்பது ‘ஒட்டுப்பால்’. இவற்றுள் ‘பேர்’ பொருள்மாற்றத்தால் ஆன புதுமை. பிறமொழிச் சொல்லைக் கடன்கொள்வதினும் இது கூடிய எடை உடையது. ‘லயம்’ என்பதையோ அவ்வாறு கொள்ள முடியாது. மூணாற்றுத் தோட்டங்களிலும் அச்சொல் உண்டு. தொழிற்சொல் துரைமாரோடும் கணக்கப்பிள்ளைமாரோடும் கடல் கடந்து செல்லும். தென்னிந்தியத் தோட்டங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கழித்த பின்னரே எஞ்சுவதை நமதெனலாம். ‘பாண்’, ‘போத்தல்’ போன்றவற்றை எண்ணிக் கூட்டித் தோட்டப் பேச்சை யாழ்ப்பாணத்துக்கு நெருங்கியதாகக் காட்டுவதும் பிழையே. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வழிவந்து சிங்களம் உட்பட இத்தீவு முழுவதும் பரவியவை.

தோட்டப் பேச்சு என ஒருமையிற் கூறுவதும் முழுமையாகப் பொருந்தாது. சி.வி. வேலுப்பிள்ளை 1983 இல் நூலாக்கிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் பெருஞ்செல்வம். எனினும் பாட்டு பழைய வடிவங்களைக் காத்து வைக்கும் இயல்புடையது, அன்றாடப் பேச்சுக்கு நேர்ச்சான்றாகாது. நுவரெலியாப் பக்கத்தில் தோட்டத்தோடு தோட்டம் தொட்டுக் கிடக்கின்றது. நாள் முழுவதும் தமிழன்றி வேறு கேளாமல் வாழ்ந்துவிடலாம். எஹெலியகொட, தெரணியகல, யட்டியாந்தோட்டை, கஹவத்தை, இறக்குவானை ஆகிய பகுதிகளிலே தோட்டங்கள் சிறியன. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பன. தமிழ்ப் பாடசாலை தொலைவிலும் குறைந்த வகுப்புகளோடும் இருந்தமையாற் பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலையிற் கற்றனர். அவர்களிடம் சிங்களச் சொல் கடனாக வருவது சிறிய செய்தி. வீட்டில் மூத்தோர் தமிழிற் கேட்க, இளையோர் சிங்களத்தில் விடையிறுக்கும் நிலை தோன்றியிருப்பதே பெரிய செய்தி. மரப்படம் இதனைக் காட்டாது. எமனோ 1956 இல் விளக்கிய மொழிவட்டாரக் கோட்பாடே இவ்விடத்து வழிகாட்டத்தக்கது. ஆயின் சபரகமுவத் தோட்டங்களை அக்கோணத்தில் விரிவாக அளந்த நூல் எதுவும் நம் கையில் இல்லை.

வகைப்பாட்டுப் பெயரொன்றைப் பற்றி இவ்வளவு வாதிட வேண்டுமா என்று கேட்கலாம். 1911 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு நிரல்களைப் பிரித்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பின்னைய நிரலிலிருந்த பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோர்க்கு வழி திறந்தது. மொழியியலாளன் ‘இந்தியத் தமிழ்’ என எழுதும்போது அவன் கருதுவது தாய்வழியை. அதிகாரி அதே சொல்லை எழுதியபோது கருதியது போகவேண்டிய திசையை. பிறப்புறவைக் கூறும் சொல் உரிமையை அளக்கும் சொல்லோடு ஒன்றாயிருப்பதை அறிந்தும் அதனையே வழங்குதல் ஆய்வாளருக்கு அழகன்று. சிங்களம் வட இந்தியாவிலிருந்து வந்த இந்து-ஆரிய மொழியெனச் சொல்வதால் அதனை எவரும் ‘இந்தியச் சிங்களம்’ என அழைப்பதில்லை.

இப்பேச்சு இன்று ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. ஒப்பந்தத்தின் கீழ் சென்றோர் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். எமனோ தோதவரையும் கோத்தரையும் கேட்டெழுதிய அதே மலைகளில் இப்போது இலங்கைத் தோட்டப் பேச்சும் ஒலிக்கின்றது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வவுனியாப் பகுதியில் வாழ்வைத் தொடங்கின. அங்கே ‘ஒண்ணு’ என்போர் வீட்டுப் பிள்ளை ‘ஒண்டு’ என்னும் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தது. சபரகமுவ, நீலகிரி, வன்னி ஆகிய மூவிடத்தும் ஒரு தோட்டத்திலிருந்து பிரிந்த குடும்பங்களைத் தேடி, ஒரே சொற்பட்டியலைக் கொண்டு ஒப்பிட்டால், ஒரு பேச்சு மூன்று சூழலில் இரண்டு தலைமுறைக்குள் எவ்வாறு கிளைக்கின்றது என்பதை ஊகமின்றிக் கண்டறியலாம். அத்தகைய வாய்ப்பு ஒப்பியல் மொழியியலுக்கு எளிதிற் கிடைப்பதன்று. பட்டியலை எண்ணுப்பெயரிலிருந்தே தொடங்கலாம்: கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் மூன்றாம் எண்ணைப் பாட்டி ‘மூணு’ என்பாள், தெலுங்கு மறவாத அயல்வீட்டு மூதாட்டி ‘மூடு’ என்பாள், சிங்களப் பாடசாலையிலிருந்து வந்த பேரன் ‘துன’ என்பான். பட்டியல் எழுதுவோன் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து மற்றவற்றை விடாது, மூன்றையும் சொன்னவர் வயதோடு குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.