பேரும் பட்டப்பெயரும்

குருடன், செவிடன், நொண்டி, ஊமை என்பன இழிசொற்கள் என்பதில் இன்று கற்றோரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவற்றின் இடத்தில் எதனை வைப்பது என்பதிலேயே குழப்பம். இலங்கையில் எழுத்து வழக்கில் அங்கவீனர், வலதுகுறைந்தோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. முதல் மூன்றும் குறையையே சுட்டுவன. கடுமை தணிந்ததேயன்றிப் பார்வை மாறவில்லை. தமிழ்நாட்டில் 2010 இல் மு. கருணாநிதியின் அரசு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்பதை ஏற்றது. குறையை விட்டுத் திறனைப் பேசும் இச்சொல் முன்னேற்றமே. ஆயினும் ஒருவரை மதிப்பதற்குத் திறன் ஏன் வேண்டும் என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

பொகவந்தலாவை போன்ற மலையகத் தோட்டப் பகுதிகளிலே இவ்வினா கூர்மை பெறுகின்றது. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவையும் குறிக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர். மலையேற இயலாத காலுக்குச் செக்ரோலில் பேரே இல்லை. பேர் இழந்தவருக்கு லயத்தில் பட்டப்பெயர் கிடைக்கின்றது. இயற்பெயரின் முன் ‘நொண்டி’ ஒட்டிக்கொள்கின்றது. காலப்போக்கில் இயற்பெயர் உதிர, ஒட்டியதே நிலைக்கின்றது. இதனை நாவின் கொடுமை என்று மட்டும் விளக்குவது மேலோட்டமானது. உடலை இறாத்தலாலும் பின்னர் கிலோவாலும் அளந்த உழைப்பு முறையே இப்பட்டப்பெயரின் விளைநிலம்.

எனினும் அதே லயங்களில் வேறொரு வழக்கும் உண்டு. ‘கண் தெரியாத அக்கா’, ‘காது கேக்காத தாத்தா’ என்பர். இங்கு குறை அடையாக மட்டுமே நிற்கின்றது. தலைச்சொல் அக்காவும் தாத்தாவும். ‘குருடி’ என்பதிலோ குறையே ஆளை விழுங்கிவிடுகின்றது. 2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும், 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்ததுமான சமவாயம், ஆங்கிலத்தில் ஆளை முன்னிறுத்திக் குறையைப் பின்வைக்கின்றது. தமிழில் தலைமை பெறுவது இறுதிச்சொல். ஆகவே சமவாயம் நாடிய மதிப்பு லயத்துப் பேச்சில் ஏற்கெனவே உள்ளது. சொல்லாக்கம் செய்வோர் அதனைக் கொச்சையென ஒதுக்குவது (பல்கலைக்கழகத்தாருக்கும் இப்பழக்கம் உண்டு) நட்டமே.

வேலைக்கு ஆட்சேர்ப்பதில் இத்தகையோருக்குப் பாகுபாடு காட்டலாகாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. பெரட்டுக்களத்தில் அதன் பொருள் என்ன? மலையேற இயலாதவருக்கு ஸ்டோரிலோ பிள்ளைக் காம்பராவிலோ முழுப்பேர் போடப்படுமா?