தோற்பதற்குச் சம்மதிப்பது யார்?

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட மல்யுத்தத்துக்கு விமர்சனம் ஒரு கேடா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நாடகத்தின் முடிவும் முன்கூட்டியே எழுதப்பட்டதுதானே. றோலன் பார்த் 1957இல் வெளியான 'மித்தோலொஜீஸ்' நூலை மல்யுத்தத்தோடுதான் தொடங்கினார். ஆனால் அவர் பார்த்தது மேடையை. பிள்ளைகளோடு சேர்ந்து விரும்பியும் விரும்பாமலும் இதைப் பார்த்த எனக்கு, மேடைக்குப் பின்னாலுள்ள அறையைப் பற்றித்தான் யோசனை. இன்றிரவு தோற்பவன் யார் என்பதை அங்கே தீர்மானிப்பது யார்?

ரெட் ரேணரின் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் 1996 நடுப்பகுதியிலிருந்து 1998 ஏப்ரல் வரை, திங்கள் இரவுகளில் வின்ஸ் மக்மானின் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ஐ வாரந்தோறும் பின்தள்ளியது. 2001 மார்ச்சில் அதே மக்மானிடமே அது விலைபோனது. தொலைக்காட்சி நிர்வாகம் கைவிட்டதும் ஒரு காரணம்தான். எனினும் கதை அதற்கு முன்னரே செத்துப்போயிருந்தது. ஹல்க் ஹோகனின் ஒப்பந்தத்தில், தன் பாத்திரத்தின் போக்கைத் தானே தீர்மானிக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 1999 ஜனவரி 4 அன்று அற்லான்ராவில் அவர் கெவின் நாஷின் நெஞ்சில் ஒரு விரலால் குத்தினார், நாஷ் விழுந்தார், பட்டம் கைமாறியது. அவ்வளவுதான் போட்டி. எடி கெரேரோ, கிறிஸ் ஜெரிக்கோ போன்ற இளையவர்கள் மேலே வர வழியின்றி, எதிர் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே கலைஞனுக்கு அந்த உரிமையைக் கொடுத்ததே பிழை என்று முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. 1997 நவம்பர் 9 மொன்றியலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நிறுவனத்தைவிட்டு விலகவிருந்த பிறெற் ஹார்ட்டின் ஒப்பந்தத்திலும், கடைசி முப்பது நாட்களுக்கு நியாயமான அளவு அந்த உரிமை இருந்தது. தன் சொந்த நாட்டில் ஷோன் மைக்கல்ஸிடம் தோற்க அவர் மறுத்தார். அவர் சரணடையாமலே, மக்மான் மேடையோரம் நின்று மணியை அடிக்கச் சொன்னார். தொழிற்சங்கம் கிடையாது, ஊழியர் என்ற தகுதியும் கிடையாது, சட்டப்படி எல்லோரும் சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். அப்படிப்பட்டவனுக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறென்ன கவசம்? ஹோகனிடம் அது மற்றவர்களை மிதிக்கும் கால். ஹார்ட்டிடம் முதலாளி கிழித்துப்போட்ட கடதாசி. அந்த வரி ஒருசில நட்சத்திரங்களுக்கு மட்டும் தனித்தனியாக விற்கப்பட்டதுதான் கோளாறு என்பேன். விரல் பட்டு விழும்படி கேட்கப்பட்டால் மறுக்கும் உரிமை, பெயர் தெரியாத பையனுக்கும் இருந்திருக்க வேண்டும்.

ஏழு வாரம் கழித்து, 1997 டிசம்பர் 28, 'ஸ்ராகேட்'. ஓராண்டுக்கு மேலாகத் தொலைக்காட்சியில் மோதாமல் கூரை முகட்டில் மௌனமாக நின்ற ஸ்ரிங், அன்றைக்கு ஹோகனைத் தெளிவாக வீழ்த்தவேண்டும். கதை கேட்டது அதைத்தான். ஆனால் நடுவர் அவசரமாக எண்ணி ஸ்ரிங்கை ஏமாற்றுவார் என்று ஒரு சுற்றுவழியை வைத்தார்கள். அவரோ சாதாரண வேகத்திலேயே எண்ணினார். ஏன் என்று கேட்டால் சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சனங்களின் கண்முன்னே ஹோகன் நேர்மையாகவே வென்றுவிட்டிருந்தார். அப்போது, புதிதாக வந்துசேர்ந்திருந்த ஒருவர் மணியை அடிக்கவிடாமல் தடுத்து, அநியாயம் நடந்துவிட்டதென்று கத்தினார். அதற்கென்று அனுப்பப்பட்டவர் பிறெற் ஹார்ட்.