சாம்பலூர் எந்தப் பக்கம் இருக்கிறது?

புஷ்கர்-காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்தது. எட்டு எபிசோடுகள், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். தமிழ் வெப் சீரிஸ் என்று பேச்செடுத்தால் இன்றும் முதலில் வந்து விழும் பெயர் அதுதான். இந்தப் புகழில் சரக்கு எவ்வளவு, சத்தம் எவ்வளவு?

சரக்கு நிறையவே உண்டு. சிமெண்ட் ஆலை எரிகிற இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமல் போகிறாள். ஆலைக்காக மோதிக்கொண்ட சண்முகமும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும், பிள்ளைகள் விஷயத்தில் ஒரே வலையில் சிக்கியிருப்பதை அறிகிறார்கள். அதுவரை இருந்த பகைக்கு அதன்பின் வேறு நிறம். சண்முகமாக வரும் பார்த்திபன், தனக்குப் பேர்போன சொல் விளையாட்டை ஓரங்கட்டிவிட்டு, தோற்றுப்போன அப்பாவாக நிற்கிறார். ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி அவருக்கு ஈடு கொடுக்கிறார். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையை எங்கிருந்தோ வந்த வில்லன் தலையில் கட்டாமல், வீட்டுக் கூடத்திலேயே தேடியது துணிச்சல். ‘ட்வின் பீக்ஸ்’ தொடர் 1990-லேயே போன பாதைதான். ஆனால் தமிழில் இவ்வளவு பொறுமையாக யாரும் நடந்ததில்லை.

சறுக்கல் ஊரில் இருக்கிறது.

‘சுழல்’ நடக்கும் சாம்பலூர் ஒரு கற்பனை மலையூர், அதில் குறையில்லை. ஆனால் அங்கே நடப்பதாகக் காட்டும் மயானக் கொள்ளை கற்பனையல்ல. மாசி அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மனுக்காகச் சுடுகாட்டில் திரளும் கூட்டம், அம்மன் வேடம் கட்டியவர்கள், அள்ளி வீசும் சூறையை மடியேந்திப் பிடிக்கும் பெண்கள் என்று, வடதமிழகச் சமவெளியில் வேரோடிய விழா அது. விசாரணை நகர நகரத் திருவிழாவும் நாள் நாளாக நகர்கிறது. வண்ணமும் பறையும் கண்ணையும் காதையும் நிறைக்கின்றன. ஆனால் விழாவை எடுத்துவிட்டாலும் வழக்கின் முடிச்சு அவிழாமல் போகாது.

மலையும் தெய்வமும் கொலையும் சேர்ந்த கதைக்குத் தமிழில் பஞ்சமா? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்களே அறிவார்கள். இன்று அவளை எட்டுக்கை அம்மனாக அங்கே கும்பிடுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், மிளகுத் தோட்டம், பலாமரம், ஆடியில் வல்வில் ஓரி விழா: எழுதத் தெரிந்த கைக்கு எட்டு எபிசோடு காணாது. அங்கே தெய்வத்தின் மீதே சந்தேகம் விழும்.

அதைச் செய்துகாட்டியது, தொண்ணூறுகளில் சன் டிவியில் வந்த ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. தண்டிப்பது கருப்பசாமியா, ஆளா என்பதே அங்கே வழக்கு. சாமியை எடுத்தால் கதையே இல்லை. அதன் கிராபிக்ஸ் இன்று சிரிப்பூட்டலாம், கட்டுமானம் சிரிப்பூட்டாது.

2025 பிப்ரவரியில் வந்த ‘சுழல்’ இரண்டாம் பாகம் காளிப்பட்டினம் என்ற கடலோர ஊருக்கும் அஷ்டகாளித் திருவிழாவுக்கும் நகர்ந்தது. வக்கீல் செல்லப்பாவைக் கொன்றது நான்தான் என்று எட்டுப் பெண்கள் தனித்தனியே சரணடைவது அருமையான தொடக்கம். காளி எட்டு, பெண்கள் எட்டு. இம்முறை விழாவைக் கதைக்குள் நுழைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். பாடுபட்டது தெரிவதுதான் தொல்லை.

பிரசாந்த் பாண்டியராஜின் ‘விலங்கு’ (ஜீ5, 2022) இவ்வளவு பேசப்படவில்லை. வேம்பூர் காவல் நிலையம், ஒரு சடலம், காவலில் இருக்கும்போதே காணாமல்போகும் தலை. மேலதிகாரியின் வசவும் கர்ப்பிணி மனைவியின் கவலையும் ஒரே போனில் வரும் சப்-இன்ஸ்பெக்டராக விமல். ‘சுழல்’ தமிழின் முக்கியமான தொடர் என்பதில் தகராறில்லை. தமிழின் சிறந்த குற்றத் தொடர் என்ற பட்டத்தை ‘விலங்கு’க்குக் கொடுப்பதே நியாயம்.